அந்த லேப்டாப் போதும். கேசட்டைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்

அம்பாசமுத்திரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மற்றவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் அலமாரியில் சுமார் 140 கேசட், 60 எம்பி3 சிடி. கேசட்டுகளில் இருபத்தைந்து போல அவரே ஊர்க் கொடைகளில் (கோயில் திருவிழாக்களில்) டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிந்தவை. வீட்டில் சும்மா கிடப்பவை இரண்டு: தங்கைக்குப் பிளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப், அதற்கும் முந்தைய ஓர் அசெம்பிள்டு டெஸ்க்டாப். இதில் ஒன்றை மியூசிக் சர்வர் ஆக்கி, அவரவர் போனிலும் பட்டாசலில் (ஹாலில்) இருக்கும் ஆம்ப்ளிஃபயரிலும் பாட்டுக் கேட்க முடியுமா, எது நல்லது, அம்மா தனியாக இயக்க முடியுமா என்பது உங்கள் கேள்வி.

முடியும். சர்வர் வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் போனில் பாட்டு வந்துவிடும். அலமாரியில் இருப்பதைப் பெட்டிக்குள் ஏற்றத்தான் ஆறேழு மாதம் பிடிக்கும். என்னிடம் இதைக் கேட்கிற எல்லாரும் எந்தக் கம்ப்யூட்டர், எந்த மென்பொருள் என்றுதான் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் போனால் இன்னொன்று வாங்கலாம். அப்பா பதிந்த கொடைக்கு இன்னொரு பிரதி எங்கேயும் கிடையாது. அதனால் கம்ப்யூட்டர் விஷயத்தை வேகமாகச் சொல்லிவிட்டுக் கேசட்டுக்கு வருகிறேன்.

சர்வராக அரசு லேப்டாப்பையே வையுங்கள். காரணம் கரண்ட் பில். அந்தக் காலத்து டெஸ்க்டாப் ஒரு வேலையும் செய்யாமல் நின்றாலே 60 வாட் அளவுக்கு இழுக்கும். இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 1.44 யூனிட், ரீடிங் எடுக்கிற இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். 2016-லிருந்து வீட்டுக்கு இலவசமாகக் கொடுத்து வந்ததே 100 யூனிட்தான். லேப்டாப்பில் திரையை அணைத்துவிட்டால் 12 வாட் பக்கம் நிற்கும், இரண்டு மாதத்துக்கு 17 யூனிட். பாட்டுப் போடுவது ஒரு வேலையே இல்லை என்பதால் 2 ஜிபி ராம் தாராளம். சிடி தரத்தில் இருக்கிற ஒரு பாட்டை ஃபிளாக்காக (தரம் குறையாமல் சுருக்குகிற கோப்பு வகை) அனுப்பினாலே விநாடிக்கு ஏறத்தாழ 1 மெகாபிட்தான் ஓடும். வீட்டில் நாலு பேர் நாலு பாட்டுக் கேட்டாலும் அந்த லேப்டாப்புக்கு வியர்க்காது.

அதற்காக டெஸ்க்டாப்பைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் முதுகில் பச்சை, ரோஸ், நீலம் என்று மூன்று ஓட்டைகள் வரிசையாக இருக்கும். நீலம்தான் லைன் இன். டேப் ரெக்கார்டரின் இடது, வலது இரண்டு பக்கச் சத்தத்தையும் உள்ளே வாங்க அதுதான் சரியான வாசல். லேப்டாப்பில் பெரும்பாலும் மைக் ஓட்டை மட்டுமே இருக்கும். அது ஒரு பக்கத்தைத்தான் வாங்கும், டேப்பின் சத்தத்தைக் கொடுத்தால் கரகரவென்று பிளிறும். சிடி படிக்கவும் டெஸ்க்டாப்பின் டிரைவ்தான் லேப்டாப் டிரைவைவிடக் கெட்டி. ஆக, டெஸ்க்டாப் பட்டறை, லேப்டாப் கடை. பட்டறையை வேலை நடக்கிற நேரம் மட்டும் திறந்தால் போதும்.

லேப்டாப்பைத் தொடங்குமுன் அதைக் கவிழ்த்துப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ, டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, அழுத்தாமல் குத்தாமல் கழற்றி இ-வேஸ்ட் வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள். நன்றாக இருந்தால் அதுவே ஒரு குட்டி யூபிஎஸ். ஆனால் பங்குனி, சித்திரை வெயிலில் வருடம் முழுக்க சார்ஜிலேயே கிடக்கிற பேட்டரி என்றைக்கும் சந்தேகத்துக்குரியதுதான். நான் என்னுடையதைக் கழற்றிவிட்டு இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிட்டேன். அதில் ஒரு சிக்கல்: டெஸ்க்டாப்பில் கரண்ட் வந்தால் தானே எழுந்துகொள்ளும்படி பயாஸில் (கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடுகிற அடிப்படை நிரலில்) சொல்லி வைக்கலாம். லேப்டாப்புகள் பலவற்றில் அந்த வசதி கிடையாது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்ட் போய் இன்வெர்ட்டரும் தீர்ந்துவிட்டால், மத்தியானம் யாராவது போய்ப் பட்டனை அழுத்தினால்தான் உண்டு. அதனால் லேப்டாப்பைப் பரணில் ஒளித்து வைக்காமல் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். வைஃபை மோடத்தையும் அதே லைனில் போடுங்கள். மோடம் அணைந்தால் சர்வர் முழித்திருந்தும் பிரயோஜனம் இல்லை.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். பத்துப் பன்னிரண்டு வருடம் ஆனது. ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைப்பது) பார்க்கிற ஏதாவது மென்பொருளில் ‘ரீஅலகேட்டட் செக்டார்’ (பழுதாகி ஒதுக்கப்பட்ட இடங்கள்) என்ற வரியில் பூஜ்யம் இல்லாமல் வேறு எண் இருந்து, அது நாளுக்கு நாள் ஏறினால், அந்த டிஸ்கை நம்பாதீர்கள். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, 256 ஜிபி போதும். எப்படிப் போதும் என்கிறீர்களா? எம்பி3 சிடி ஒன்றுக்கு 700 எம்பி என்று வைத்தாலும் 60 சிடிக்கு 42 ஜிபி. கேசட் மணிக்கு, மோனோவாக ஃபிளாக்கில் 200 எம்பி, ஸ்டீரியோ என்றால் 400 எம்பி. 140 மணி நேரத்தையும் ஸ்டீரியோ என்றே வைத்தாலும் 56 ஜிபி. எல்லாம் சேர்த்து நூறைத் தொடாது. அதே கையோடு மதர்போர்டில் இருக்கிற 2032 காசு பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது செத்திருந்தால் கடிகாரம் பழைய வருடத்துக்குப் போய்விடும், மென்பொருள் இறக்கும்போதே தகராறு செய்யும்.

இயங்குதளத்துக்கு டெபியன் என்ற லினக்ஸ், டெஸ்க்டாப் சூழல் எதுவும் இல்லாமல். நிறுவும்போது எஸ்எஸ்ஹெச் சர்வரை மட்டும் டிக் செய்தால் போதும், மற்ற வேலையை வேறு கம்ப்யூட்டரிலிருந்தே செய்துகொள்ளலாம். (ஆரம்ப வருடங்களில் கொடுத்த அரசு லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தார்கள். எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்?) டெஸ்க்டாப்பும் சரி லேப்டாப்பும் சரி, 64 பிட் தானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், 32 பிட் என்றால் 2025-ல் வந்த டெபியன் 13-ஐ நிறுவ முடியாது, 12-தான். விண்டோஸிலேயே வைத்துக்கொண்டாலும் வேலை நடக்கும். ஆனால் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது, 11 இந்த லேப்டாப்பில் ஏறாது. டெபியன் போட்டதும் மூடியை மூடினால் தூங்கிப்போகிற பழக்கத்தை நிறுத்த வேண்டும். லாகின்ட் அமைப்புக் கோப்பில் ‘லிட் ஸ்விட்ச்’ என்று வருகிற வரியை ‘இக்னோர்’ ஆக்கிவிட்டு மூடி வைத்துவிடுங்கள்.

மோடத்திலிருந்து சர்வருக்கு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். அம்பை, கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துப் பழைய வீடுகள் எனக்குத் தெரியும்: தார்சா (முன் வராந்தா), பட்டாசல், அரங்கு வீடு, அடுப்படி என்று ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும், சுவர் ஒன்றரை அடி. மோடம் தார்சாவில் இருந்தால் அடுப்படியில் வைஃபை இழுபறிதான். சர்வரும் வைஃபை, போனும் வைஃபை என்றால் அந்தச் சுவரைப் பாட்டு இரண்டு தடவை தாண்ட வேண்டும். மோடத்தின் அமைப்புக்குள் போய்ச் சர்வருக்கு எப்போதும் ஒரே ஐபி எண் (நெட்வொர்க்கில் அதன் முகவரி) கிடைக்கும்படியும் செய்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் சர்வரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

மென்பொருளில் பலரும் ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்கிறார்கள். பாட்டு உங்கள் போனில் ஒலிக்க வேண்டும் என்பது ஒன்று. சர்வரோடு சேர்த்த ஆம்ப்ளிஃபயரில் ஒலிக்க வேண்டும், போன் வெறும் ரிமோட்டாக இருக்க வேண்டும் என்பது வேறு. முதலாவதற்கு நேவிட்ரோம். இலவசம், எடை குறைவு. பிரவுசரில் ஐபி எண்ணுக்குப் பின்னால் 4533 என்று போர்ட் எண்ணைப் போட்டால் திறக்கும். சப்சோனிக் முறையை (பாட்டுச் சர்வரும் ஆப்பும் பேசிக்கொள்கிற ஒரு பொது மொழி) பேசுகிற எந்த ஆப்பும் இதோடு ஒத்துப்போகும். ஆண்ட்ராய்டில் அல்ட்ராசோனிக், சப்ஸ்ட்ரீமர் இரண்டும் இருக்கின்றன, காசு கொடுக்கலாம் என்றால் சிம்ஃபோனியம். இரண்டாவதற்கு எம்பிடி. இது பின்னால் உட்கார்ந்து பாட்டைப் போட்டுக்கொண்டே இருக்கும், ரிமோட்டாக ஆண்ட்ராய்டில் மால்ப் என்ற ஆப். இரண்டையும் ஒரே பாட்டுக் கோப்புறையைப் பார்க்கச் சொல்லி ஒரே லேப்டாப்பில் போடலாம், சண்டை போடாது. ஜெல்லிஃபின் என்ற இன்னொரு சர்வர் மென்பொருளும் நல்லதுதான், ஆனால் அது சினிமா பார்க்கிறவர்களுக்கு. 2 ஜிபி லேப்டாப்பில் பாட்டுக்காக மட்டும் அதை ஏற்றுவது கொசுவுக்குக் கோடாலி.

லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்டீரியோ பின் ஒரு பக்கமும் இரண்டு ஆர்சிஏ பின் மறுபக்கமும் உள்ள வயர். சேர்த்ததும் ‘ம்ம்ம்’ என்று வண்டு ரீங்காரம் மாதிரி கேட்டால் எர்த் சுற்று. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று சின்னதாக விற்கிறார்கள், நடுவில் அதைப் போட்டால் அடங்கும். சார்ஜரின் மூன்றாவது பின்னை உடைத்து விடுகிற ‘வைத்தியம்’ வேண்டாம். இரைச்சலோடு எர்த்தும் போய்விடும்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் எந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தாலும் இரண்டாம் நாள் “நீயே போடுப்பா” என்றுதான் முடிந்தது. கடைசியில் கைகொடுத்தது யூஎஸ்பி நம்பர் பேட். வங்கிக் கவுண்டர்களில் பார்த்திருப்பீர்களே, எண்கள் மட்டும் உள்ள சின்னக் கீபோர்டு. அதை லேப்டாப்பில் செருகி, டெபியனில் இருக்கிற ட்ரிகர்ஹேப்பி என்ற குட்டி நிரலில் எந்தப் பொத்தானுக்கு எம்பிடி என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவிட்டேன். 1 அழுத்தினால் பக்திப் பாட்டு, 2 அழுத்தினால் 1960-களின் சினிமாப் பாட்டு, 3 நாகஸ்வரம், 7 வில்லுப்பாட்டு, பூஜ்யம் நிறுத்து, கூட்டல் கழித்தல் சத்தம். பொத்தான்களின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி செல்லோடேப் ஒட்டியிருக்கிறது. திரையே கிடையாது. எழுபத்தெட்டு வயதான எங்கள் ஆச்சி (பாட்டி) ஒரே நாளில் பழகிக்கொண்டார்கள். மார்கழிக்கு மட்டும் கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவைக்கிற நிரல்) ஒரு வரி: காலை ஐந்து மணிக்குத் திருப்பாவை. முதல் நாள் சத்தத்தைக் குறைத்து வைக்க மறந்து, தெருவே எழுந்துவிட்டது.

வெளியூரில் இருந்து கேட்க வேண்டும் என்றால் டெய்ல்ஸ்கேல் (உங்கள் கருவிகளை மட்டும் இணைக்கிற தனிப் பாதை) போட்டுக்கொள்ளுங்கள். மோடத்தில் போர்ட் திறந்து விடாதீர்கள். பல இணைப்புகளில் வீட்டுக்கென்று தனிப் பொது ஐபி எண் தருவதே இல்லை என்பதால் திறந்தாலும் வேலை செய்யாது. வேலை செய்தால் இன்னும் ஆபத்து. சொந்தக் கேசட்டை வீட்டார் கேட்க ஏற்றுவது ஒன்று, ஊருக்கே திறந்துவிடுவது வேறு என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி எம்பி3 சிடிகள். படிக்க மறுக்கிற சிடியை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைத்துப் பாருங்கள், வட்டமாகத் துடைக்கக் கூடாது. அப்படியும் முரண்டு பிடித்தால் டிடிரெஸ்க்யூ என்ற நிரல், படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு மிச்சத்துக்குத் திரும்பத் திரும்ப முயலும். எம்பி3-ஐ ஃபிளாக்காக மாற்றாதீர்கள். போன தரம் திரும்பாது, இடம்தான் போகும்.

ஏற்றிய பிறகு ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. நேவிட்ரோம் கோப்புறைப் பெயரைப் பார்ப்பதில்லை. பாட்டுக்குள் ஒட்டியிருக்கிற ஐடி3 குறிப்பைத்தான் பார்க்கும். அந்தக் காலத்து எம்பி3 சிடிகளில் அந்தக் குறிப்பு படுமோசம். பாடகர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதாவது ஒரு இணையதளத்தின் பெயர், படத்தின் பெயரில் எழுத்துப் பிழை, தமிழில் எழுதியிருந்தால் பழைய எழுத்துருக் குறியீட்டில் புரியாத கோடுகள். இளையராஜாவின் பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுத்துக்கூட்டியிருப்பார்கள், சர்வருக்கு அவர் நான்கு பேர். இதில் உருப்படியான யோசனை ஒன்று சொல்கிறேன். சினிமாப் பாட்டுக்கு ‘ஆல்பம்’ என்ற இடத்தில் படத்தின் பெயர், ‘ஆல்பம் ஆர்டிஸ்ட்’ என்ற இடத்தில் இசையமைப்பாளர், ‘ஆர்டிஸ்ட்’ என்ற இடத்தில் பாடியவர்கள். ஆல்பம் ஆர்டிஸ்டைக் காலியாக விட்டால் ஐந்து பாட்டுள்ள படம் ஐந்து ஜோடிப் பாடகர்களுக்காக ஐந்து ஆல்பமாகச் சிதறிப்போக வாய்ப்புண்டு. விண்டோஸில் எம்பி3டேக், லினக்ஸில் பிக்கார்ட். நூறு பாட்டை ஒரே மூச்சில் மாற்றலாம். தினம் இரண்டு படம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அலுத்துவிடும்.

தமிழில் எழுதுவதாக இருந்தால் (நான் தமிழில்தான் எழுதுகிறேன்) இன்னொரு பொறி இருக்கிறது. ‘கொடை’ என்பதில் இருக்கிற ‘கொ’வைக் கணினியில் இரண்டு விதமாக எழுதி வைக்க முடியும். ‘க’வுக்குப் பிறகு ஒரே ஒகரக் குறி, அல்லது கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தேடுகிற மென்பொருள் அதைச் சரிசெய்யாவிட்டால் இரண்டும் வேறு வேறு சொல். ஒரு கொடைப் பதிவு தேடலில் வராமல் என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது இதனால்தான். எல்லாப் பெயர்களையும் ஒரே கம்ப்யூட்டரில், ஒரே கீபோர்டில் அடித்தால் இந்தத் தொல்லை அநேகமாக வராது.

கேசட்டுக்கு வருவோம். முதலில் அப்பா பதிந்த கொடைகள். அடுத்து வானொலியிலிருந்து அவர் பதிந்தவை ஏதும் இருந்தால் அவை. கடையில் பட்டியல் கொடுத்துப் பதிந்து வாங்கிய சினிமாப் பாட்டுக் கேசட்டுகள் அதற்கும் பிறகு. கம்பெனிக் கேசட்டுகள் கடைசி. காருகுறிச்சி அருணாசலம் உங்கள் அம்பை ரயில் தடத்து ஊர்க்காரர், 1964-ல் மறைந்தவர், அவர் வாசிப்பைக் கேட்க உங்களுக்கு ஆசை முதலில் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் அவருடைய வெளியான பதிவுகளை வேறு பலரும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊர்ச் சுடலைமாடன் கொடையை அப்பாவைத் தவிர யாரும் பாதுகாக்கவில்லை.

டெக், அதாவது கேசட்டை ஓட்டுகிற கருவி, நல்லதாக வேண்டும். யூஎஸ்பி வைத்து மலிவாக விற்கிற கேசட் கன்வெர்ட்டர்கள் வேண்டாம். வேகம் ஆடும், பாட்டு அழுகிற மாதிரி இருக்கும். அப்பாவின் டெக்கோ டூ-இன்-ஒன்னோ உயிரோடு இருந்தால், பெல்ட்டை மட்டும் மாற்றித் தருகிற ரேடியோ மெக்கானிக் அண்ணாச்சி உங்கள் பக்கத்திலும் ஒருவராவது இருப்பார். ஹெட்டைத் துடைக்கச் செல்போன் சர்வீஸ் கடையில் ஐபிஏ என்று கேளுங்கள், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். இயர் பட்ஸில் தொட்டுத் துடைத்தால் காவி நிறத்தில் அழுக்கு வரும். அழுக்கு வருவது நிற்கும் வரை துடையுங்கள். ஐந்து கேசட்டுக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும்.

கேசட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்து, சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் அவற்றைத் தனியே வைத்துவிடுங்கள். டெக்கில் போட்டால் அடுத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். சுத்தமானவற்றையும் நேராகப் பாட விடாமல், ஒருமுறை முழுக்க முன்னால் ஓட்டிப் பின்னால் ஓட்டுங்கள். இருபது வருடம் ஒட்டிக் கிடந்த சுருள் அப்போதுதான் தளரும். நாடாவுக்குப் பின்னால் இருக்கிற சின்னப் பஞ்சு விழுந்திருந்தால் சத்தம் கம்மிக் கம்மி வரும். திருகு உள்ள ஒரு வெற்றுக் கேசட்டைத் திறந்து, நாடாவை அந்தக் கூட்டுக்குள் மாற்றிவிட்டால் சரி.

அடுத்ததுதான் நுட்பம். ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னத் திருகு இருக்கும், ஹெட் நாடாவுக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்பதைத் தீர்மானிப்பது அதுதான். அப்பா பதிந்த டேப் ரெக்கார்டரில் அந்தக் கோணம் ஒரு மாதிரி இருந்திருக்கும், இன்றைய டெக்கில் வேறு மாதிரி இருக்கும். இரண்டும் ஒத்துவராவிட்டால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். வில்லுப்பாட்டுக்கு இதைச் சரிபார்க்க ஒரு சுலப வழி உண்டு. வில்லில் வரிசையாக மணிகள் கட்டியிருப்பார்கள். புலவர் (வில்லுப்பாட்டை நடத்திப் பாடுகிறவர்) வீசுகோலால் நாணில் அடிக்கும்போதெல்லாம் அவை சிலுங்கும். அந்தச் சிலுங்கல் எப்போது கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே திருகை நிறுத்துங்கள். கால் சுற்றுக்கு மேல் தேவைப்படாது. கேசட் மாறினால் திரும்பப் பார்க்க வேண்டும், ஒரே கொடையின் கேசட்டுகள் என்றால் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.

பதிவுக்கு ஆடாசிட்டி என்ற மென்பொருள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் கேசட்டுக்கு மிகை. அளவுமானி உச்சத்தில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். கொடைப் பதிவில் இதற்குக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்: புலவர் அமைதியாகக் கதை சொல்லிக்கொண்டிருப்பார், நீங்கள் அந்த அளவுக்குச் சத்தத்தை ஏற்றி வைத்திருப்பீர்கள், திடீரென்று குலவை விடுவார்கள், வேட்டுப் போடுவார்கள், எல்லாம் உச்சியில் போய் இடித்துவிடும். சாமி வரும் இடத்தை முதலில் கேட்டு, அதற்கு அளவை வைத்துக்கொண்டு, பிறகு ஆரம்பத்திலிருந்து பதியுங்கள். அப்பாவின் டேப் ரெக்கார்டர் ஒற்றை மைக் என்றால் கோப்பையும் மோனோவாகவே சேமிக்கலாம். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், குறுக்குவழி கிடையாது. தினம் ஒன்று என்றால் 140-க்கு ஏறத்தாழ ஐந்து மாதம்; நடுவில் விடுபடுகிற நாட்களையும் சேர்த்துத்தான் ஆறேழு மாதம் என்றேன்.

இரைச்சலை நீக்குவது பற்றி என் சொந்தக் கதை. முதலில் ஏற்றிய கொடைக் கேசட்டில் ‘ஸ்ஸ்’ என்று நாடாச் சத்தம் அதிகம். ஆடாசிட்டியின் நாய்ஸ் ரிடக்ஷனைத் தாராளமாகப் போட்டேன். ஸ்ஸ் போய்விட்டது. பெருமையாக ஆச்சிக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, “என்னலே, கெணத்துக்குள்ள கெடந்து பாடுத மாரி இருக்கு. மணிச் சத்தத்த எங்க காணும்?” என்றார்கள். நாடாவின் இரைச்சலும் வில்லின் மணியும் ஒரே உயரத்துச் சத்தங்கள். ஒன்றை அழித்தால் மற்றதும் போகும். சரி, மூலத்திலிருந்து திரும்பச் செய்யலாம் என்று பார்த்தால், அதே பெயரில் சேமித்து மூலத்தை அழித்திருந்தேன். கேசட்டைத் திரும்பப் போட்டபோது டெக் நாடாவை மென்று தின்றுவிட்டது. இன்றைக்கும் அந்தக் கொடையில் முக்கால் மணி நேரம் கிணற்றுக்குள்தான் இருக்கிறது. பதிந்தது பதிந்தபடியே ஃபிளாக்கில் ஒரு கோப்பு, அதைத் தொடவே கூடாது. சுத்தம் செய்வதெல்லாம் இன்னொரு பிரதியில்.

அந்தத் தொடாத பிரதி இரண்டு ஊரில் இருக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலி சந்திப்புப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் கேசட்டும் கம்ப்யூட்டரும் வெளி ஹார்ட் டிஸ்கும் ஒரே மேஜையில் இருந்தன, மூன்றும் ஒன்றாகவே நனைந்தன. 1 டிபி டிஸ்க் ஒன்றில் ஆர்சிங்க் (மாறியதை மட்டும் நகலெடுக்கிற நிரல்) செய்து மாதம் ஒருமுறை சொந்தக்காரர் யார் வீட்டிலாவது மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது தென்காசியில் சித்தி வீட்டு பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது.

கொடைப் பதிவுக்கு ஆல்பம் பெயரில் சாமி, ஊர், வருடம் மூன்றும் வரட்டும். ஆர்டிஸ்ட் இடத்தில் பாடிய புலவர். குடம், உடுக்கை யார் என்று தெரிந்தால் குறிப்புப் பகுதியில். ஒரு கதை மூன்று, நான்கு கேசட் போகும். பக்க எண்ணை டிராக் எண்ணாகப் போட்டால் வரிசை கலையாது. கேசட்டின் மேல் அட்டையில் ஒன்றும் எழுதியிருக்காது, எழுதியிருந்தாலும் மை மங்கியிருக்கும். பதிவிலேயே காது வைத்துக் கேளுங்கள். வில்லுப்பாட்டில் காப்புப் பாடி முடித்ததும் எந்த ஊர், எந்தச் சாமி, யார் அழைத்தார்கள் என்று புலவர் சொல்லிவிடுவார். இடையில் மைக் செட்காரர் தன் கடைப் பெயரைச் சொல்வார், காணாமல் போன பிள்ளையைத் தேடி அறிவிப்பார்கள், நன்கொடை கொடுத்தவர் பெயரை வாசிப்பார்கள். அந்த நன்கொடைப் பட்டியலில் வருகிற பெயர்களை ஊரில் பெரியவர்கள் இரண்டு பேரிடம் சொன்னால் வருடத்தை ஏறத்தாழக் கணித்துவிடுவார்கள். ஒரு கேசட்டுக்கு நான் 1987 என்று போட்டிருக்கிறேன். பந்தல் செலவு கொடுத்தவருக்கு அந்த ஆவணியில்தான் கல்யாணம் என்று ஒருவர் அடித்துச் சொன்னார்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதற்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். அலமாரியிலிருந்து கொடைக் கேசட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி உடைத்துவிடுங்கள். டெக்கில் போட்டுத் தவறிப்போய் சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் அதன் மேல் எதுவும் பதியாது.